கொதிகலக் கம்மியர்

நீர் இயல்பாகவே மென்மையுடையது. கையால் அள்ளினால் விரலிடையே ஒழுகிவிடும். ஆயினும் அந்நீரை ஒரு கலத்தில் அடைத்துத் தீயிட்டுக் காய்ச்சினால், அது தன் மென்மையைத் துறந்து பேராற்றல் பெறுகின்றது. ஒரு படி நீர் முற்றும் ஆவியானால், அவ்வாவி திறந்த வெளியில் ஏறத்தாழ 1,600 படி கொள்ளும் இடத்தை நிரப்பும். பரவுதற்கு இடமின்றி இரும்புக் கலத்தினுள் அடைபட்ட ஆவியோ, வழிதேடி நாற்புறமும் நெருக்குகின்றது. அதனையே நீராவியின் அழுத்தம் என்கிறோம். முற்காலத்தில் ஆலைகளை ஓட்டியதும், புகைவண்டியை இழுத்ததும், இன்று அனல்மின் நிலையங்களில் சுழலிகளைச் சுழற்றுவதும் இவ்வழுத்தமே. இதனை அடக்கித் தாங்கும் கலமே கொதிகலன். பாய்லர் என்று மக்கள் வழங்குவதும் இதுவே. இக்கலத்தை ஆக்குவோரும், பழுது நேர்ந்தவிடத்துச் செப்பனிடுவோரும் கொதிகலக் கம்மியர் ஆவர். அவர்தம் தொழிற்றிறத்தை இப்பாடத்தில் காண்போம்.

கொதிகலன்கள் பெரும்பாலும் இருவகைப்படும். குழாய்களினுள் தீயின் வெம்மை செல்ல, அவற்றைச் சூழ நீர் நிற்பது ஒருவகை. புகைவண்டி எஞ்சினின் கொதிகலன் இவ்வகையது. குழாய்களினுள் நீர் செல்ல, அவற்றைச் சூழத் தீயெரிவது மற்றொரு வகை. மின்நிலையங்களில் உள்ள பெருங்கலன்கள் இவ்வகையின. அவற்றுள் எழும் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப்போல் 150 மடங்கிற்கும் மேற்படுவதுண்டு.

கம்மியர் முதலில் வரைபடத்தை நோக்கி, எஃகுத் தகட்டின்மேல் அளவுக்கோடுகளைக் குறிப்பர். இப்பணிக்குக் கணக்கறிவு இன்றியமையாதது. தட்டையான தகடு உருளையாக வளைந்தபின் இருமுனைகளும் மயிரிழையும் பிறழாது பொருந்தவேண்டும் அன்றோ? பின்னர்த் தகட்டை வெட்டி, உருளைப் பொறிகளினூடே பலகால் செலுத்திச் சிறிது சிறிதாக வளைப்பர். உருளை வடிவக் கலத்தில் நீளவாட்டில் அமைந்த பொருத்து, சுற்றுவாட்டில் அமைந்த பொருத்தினும் இருமடங்கு இழுவிசையைத் தாங்க நேரிடும். ஆதலின் நீளப்பொருத்தை அவர்கள் மிக்க வலிமையுடையதாக அமைப்பர்.

முற்காலத்தில் தகடுகளை இணைத்தது ரிவெட்டு என்னும் தறையாணி. உலையில் செக்கச் சிவக்கக் காய்ந்த ஆணியைக் குறட்டால் எடுத்துத் துளையில் செருகுவர். ஒருவர் கனத்த இரும்பினால் ஆணியின் தலையைத் தாங்கிப் பிடித்திருப்பார். மறுபுறத்தில் நிற்போர், அது ஆறுமுன் சம்மட்டியால் அடித்து அதன் வாலையும் தலையாக்குவர். ஆணி குளிருங்கால் சுருங்கும். சுருங்குங்கால் இருதகடுகளையும் இறுகப் பிணிக்கும். சூடு குறைந்தபின் அடித்த ஆணி இவ்வாறு பிணிக்காது. ஆகவே இது காலமறிந்து செய்யவேண்டிய வேலை. இறுதியில் தகட்டின் விளிம்பை மழுங்கிய உளியால் தட்டி நெருக்கி, நீர் கசியாவண்ணம் அடைப்பர்.

ஆணியைத் தாங்கிப் பிடிப்பவர் பலகாலும் கலத்தினுள் அமர்ந்தே பணிபுரிந்தார். வெளியே விழும் ஒவ்வோர் அடியும் அவ்விருட்குகையில் இடியென முழங்கிற்று. கிளாஸ்கோ நகரத்துச் செவி மருத்துவர் தாமஸ் பார் என்பார், 1886-ஆம் ஆண்டில் கொதிகலத் தொழிலாளர் 100 பேரை ஆராய்ந்தார். அவருள் இயல்பான கேள்வித்திறன் உடையவர் ஒருவரேனும் இலர்! நமக்கு ஆற்றலளித்த கலங்களுக்கு அம்மக்கள் தம் செவிகளையே விலையாகக் கொடுத்தனர். இன்று செவிக்காப்பு அணிவதும், கலத்தினுள் நுழைபவர்க்குத் துணையாக வெளியே ஒருவர் காவல் நிற்பதும் இத்தகைய துன்பங்கள் கற்பித்த நெறிகளாம்.

கலம் முடிந்தபின் அதனைச் சோதிப்பர். ஆவியால் அன்று, குளிர்ந்த நீரால் சோதிப்பர். நீர் அழுத்தத்தால் பெரிதும் சுருங்குவதில்லை; ஆதலின் கலத்தில் குறையிருப்பின் அது கசிந்து காட்டுமேயன்றி ஆவிபோல் வெடித்துச் சிதறாது. தொழிற்படும்போது கலம் தாங்கவேண்டிய அழுத்தத்தினும் மிகுதியான அழுத்தத்தை இச்சோதனையில் தருவது வழக்கம்.

இக்காலத்தில் தறையாணிக்கு மாறாகப் பற்றவைப்பே வழங்குகின்றது. அதன் உட்குறையைக் கண்ணால் காணவியலாது. ஊடுகதிரால் படமெடுத்து நோக்குவர். திருச்சிராப்பள்ளியில் 1965-ஆம் ஆண்டில் செக்கோசுலோவாக்கிய நாட்டின் துணையுடன் தொடங்கிய உயரழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை, நம் நாட்டின் மின்நிலையங்கள் பலவற்றிற்குக் கலங்களை ஆக்கித் தந்துள்ளது. அங்கே 1975-இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. அதே நகரின் பொன்மலைப் பணிமனை, நீலகிரி மலையேறும் இரயிலுக்கு நீராவி எஞ்சின்களை இந்நூற்றாண்டிலும் கட்டியுள்ளது.

ஆக்குவதினும் காப்பது அரிது. நீரிலுள்ள உப்புகள் உட்புறத்தில் காறையாகப் படியும். காறை தடித்தால் தீயின் வெம்மை நீரைச் சென்று சேராமல் தகட்டிலேயே தங்கும். தகடு சிவந்து, மெலிந்து, புடைக்கும். பானை வாங்குவோர் விரலால் தட்டி ஓசை கேட்பதுபோல், கம்மியர் கலத்தின் தாங்குகம்பிகளைச் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்பர். நல்ல கம்பி கணீரென ஒலிக்கும். முறிந்தது மந்தமாக ஒலிக்கும். தேர்ந்த செவிக்கு அவ்வொலி வேறுபாடே போதிய சான்றாகும்.

இத்தொழிலில் சோர்வு நேரின் விளைவு யாது? அமெரிக்க நாட்டு மிசிசிப்பி ஆற்றில் ஓடிய சுல்தானா என்னும் நீராவிக் கப்பலின் வரலாறு இதற்கு விடை கூறும். 1865-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அதன் கொதிகலன் ஒன்று புடைத்துக் கசிந்தது. செப்பனிட வந்த கம்மியர், தகடுகளையே மாற்றவேண்டும் என்று முதலில் உரைத்தார். அதற்கு நாள் பலவாகும். உள்நாட்டுப் போர் முடிந்து வீடு திரும்பும் வீரர்களை ஏற்றிச் செல்லும் ஊதியத்தை இழக்கத் தலைவர் விரும்பவில்லை. அவர் வற்புறுத்தவே, கம்மியர் இசைந்து, கலத்தின் தகட்டினும் மெல்லியதோர் ஒட்டை வைத்து அடைத்தார். 376 பேரே ஏறத்தக்க அக்கப்பலில் 2,000-க்கும் மேற்பட்டோர் ஏறினர். ஏப்பிரல் 27-ஆம் நாள் பின்னிரவில், மெம்பிசு நகரைக் கடந்தபின், கொதிகலன்கள் வெடித்தன. 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆராய்ந்தோர் கூறிய காரணங்களுள் அம்மெல்லிய ஒட்டும் ஒன்று. அறிந்த உண்மையைக் கம்மியர் முதலில் அஞ்சாது கூறினார்; ஆனால் அதில் இறுதிவரை நிற்கவில்லை.

தொழிலாளரின் உறுதியை மட்டும் நம்பியிராமல், அதற்குத் துணையாகச் சட்டமும் வேண்டும் என்பதை உலகம் மெல்ல உணர்ந்தது. கல்கத்தாவில் 1863-இல் நேர்ந்த வெடிப்பினால் பலர் உயிரிழக்க, மறு ஆண்டே வங்காளத்தில் கொதிகலன் சட்டம் பிறந்தது. நாடு முழுமைக்கும் 1923-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்கு மாற்றாக 2025-இல் நாடாளுமன்றம் புதுச்சட்டம் இயற்றியது. குறித்த காலத்தில் கலங்களை ஆய்ந்து சான்று பெறுதல் இன்று கடமையாகும்.

மாணவர்களே! கலம் மூடப்பட்டபின் அதன் உட்பொருத்தைக் காண்பார் இலர். எனினும் அதனருகே பணிபுரிவோர் அனைவரும், தாம் முகமறியாத கம்மியர் ஒருவரின் நேர்மையை நம்பியே நாள்தோறும் வாழ்கின்றனர். பிறர் காணாத இடத்தும் பிழையின்றிச் செய்வதே தொழிலறம். “இது போதாது, மாற்றவேண்டும்” என்று சொல்லும் துணிவும், சொன்னதில் நிற்கும் உறுதியும் கைத்திறனோடு சேர்ந்தவரே சிறந்த தொழிலாளர் என்பதை உளங்கொள்வீராக!