உங்களுக்கென ஒரு சொந்த சோஷியல் நெட்வொர்க் சர்வர்

மாஸ்டடான் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். யூஜென் ரோச்கோ என்ற ஜெர்மனி புரோகிராமர் 2016-ல் வெளியிட்ட இலவச சாப்ட்வேர் இது. இதில் சிறு சிறு பதிவுகளை எழுதலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கம்பெனி நடத்துவதில்லை. ஆயிரக்கணக்கான சர்வர்கள் தனித்தனியே இயங்கி, ஆக்டிவிட்டிபப் என்ற பொது விதிமுறைப்படி ஒன்றோடொன்று பேசிக் கொள்கின்றன. ஜிமெயில் வைத்திருப்பவர் யாஹூ முகவரிக்கு மெயில் அனுப்புவதைப் போன்றதுதான் இது.

சொந்த சர்வர் எதற்கு?

பிறர் சர்வரில் கணக்கு வைத்தால், அவர் சர்வரை மூடும் நாளில் நாமும் வெளியேற வேண்டும். மாஸ்டடான்.லால் என்ற சர்வர் 2023-ல் இப்படித்தான் மூடப்பட்டது. மூடும் முன் வேறு சர்வருக்கு மாறினால், நம்மைப் பின்தொடர்பவர்களைக் கொண்டு செல்லலாம். பழைய பதிவுகள் கூட வராது. சொந்த சர்வரில் இந்தக் கவலை இல்லை.

எந்த சாப்ட்வேர்?

ஒருவர் மட்டும் பயன்படுத்த மாஸ்டடான் சற்றுப் பெரியது. நான் பரிந்துரைப்பது கோடுசோஷியல். இதற்கு 1 ஜிபி ராம் போதும். தனி டேட்டாபேஸ் சர்வர் தேவையில்லை. எஸ்க்யூலைட் என்ற ஒரே பைலில் எல்லாம் அடங்கிவிடும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இயக்கலாமா?

இயக்கலாம். ஆனால் பல இன்டர்நெட் நிறுவனங்கள் ஒரே ஐ.பி. முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. அப்போது வெளியிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரைத் தொடர்பு கொள்ள முடியாது. மின்வெட்டும் உண்டு. எனவே புதியவர்கள், மாத வாடகைக்குக் கிடைக்கும் சிறிய லினக்ஸ் சர்வரை எடுப்பது நல்லது.

செய்ய வேண்டியவை

1. முதலில் டொமைன் பெயர் ஒன்றை வாங்கவும். அதன் டி.என்.எஸ். செட்டிங்ஸில் 'ஏ' ரெக்கார்டில் உங்கள் சர்வரின் ஐ.பி. எண்ணைத் தரவும்.

2. சர்வரில் 80, 443 ஆகிய போர்ட்களைத் திறந்து வைக்கவும்.

3. கோடுசோஷியலை டவுன்லோட் செய்து விரித்திடவும். அதன் கான்பிக் பைலில் 'ஹோஸ்ட்' என்ற இடத்தில் டொமைன் பெயரை டைப் செய்திடவும். டேட்டாபேஸ் வகையாக எஸ்க்யூலைட்டைத் தரவும். போர்ட் எண்ணை 443 என மாற்றி, 'லெட்ஸ் என்கிரிப்ட்' வசதியை இயக்கவும். பாதுகாப்புச் சான்றிதழ் இலவசமாகக் கிடைத்துவிடும்.

4. சர்வரை இயக்கி, கமாண்ட் மூலம் உங்கள் கணக்கை உருவாக்கவும்.

5. பதிவு எழுதும் திரை இதில் கிடையாது. மொபைலில் டஸ்கி போன்ற அப்ளிகேஷனை நிறுவி, உங்கள் டொமைன் பெயரைத் தந்து லாக் இன் செய்திடவும்.

முதல் நாள் திரை காலியாக இருக்கும். பயப்பட வேண்டாம். நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவுகள்தான் உங்கள் சர்வரைத் தேடி வரும். பத்து இருபது பேரைப் பின்தொடர்ந்தால் நிறையத் தொடங்கும்.

மறக்கக் கூடாத இரண்டு

ஒன்று, டொமைன் பெயர். சர்வர் ஒருமுறை இயங்கிய பின் இதனை மாற்றக் கூடாது. மற்ற சர்வர்கள் உங்களை இந்தப் பெயரால்தான் அறியும். சர்வர் கம்பெனியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பெயர் போனால் எல்லாம் போயிற்று. ஆப்கானிஸ்தானுக்குரிய .ஏ.எப். முடிவு கொண்ட ஒரு மாஸ்டடான் சர்வர், அந்நாட்டு அரசு பெயரை முடக்கியதால் 2024 பிப்ரவரியில் தன் முகவரியை இழந்தது. எனவே நம்பகமான முடிவைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பிக்கவும்.

இரண்டு, பேக்அப். உங்கள் பதிவு உண்மையிலேயே உங்களுடையதுதான் என்று காட்டும் ரகசியச் சாவி டேட்டாபேஸ் பைலில் உள்ளது. அது அழிந்தால், அதே பெயரில் புதிதாகத் தொடங்கினாலும் பழைய சாவியை நினைவில் வைத்துள்ள சர்வர்கள் உங்களை ஏற்காமல் போகலாம். வாரம் ஒருமுறை சர்வரை நிறுத்தி, டேட்டாபேஸ் பைல், கான்பிக் பைல், படங்கள் உள்ள போல்டர் மூன்றையும் உங்கள் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்திடவும். புதிய பதிப்பு வந்தால், பேக்அப் எடுத்த பின்னரே அப்டேட் செய்திடவும்.

சொந்த வீடு என்றால் ஒழுகும் கூரையை நாம்தான் சரி செய்ய வேண்டும். வாரம் அரை மணி நேரம் ஒதுக்க முடியும் என்றால், தாராளமாகத் தொடங்கலாம்.