எண்ணிம யுகத்தில் நூலகர் பணி

நூலகர் என்றவுடன் மாணாக்கர் மனத்தில் தோன்றுவது திறவுகோற் கொத்தும் கடுமுகமும் உடைய ஒரு காவலரின் உருவமே. யாம் பயின்ற காலத்தும் அவ்வாறே எண்ணியிருந்தோம். இன்று நூல்கள் கணினித் திரையிலே கிடைக்கின்றன. இனி நூலகர் எதற்கு என்று வினவுவாரும் உளர். அவ்வினாவைச் சற்று ஆராய்வோம்.

1933ஆம் ஆண்டு க. மு. செல்லப்பா அவர்கள் தொடங்கிய முயற்சியே யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு வைக்கப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்திற் படியில்லாத ஏடுகளும் உடன் அழிந்தன. ஒன்றை ஓரிடத்திற் பூட்டிவைப்பது மட்டும் காவலாகாது என்பதை நம்மவர் அன்று அறிந்தனர். 2005இல் தன்னார்வலர் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் மலர்களையும் மின்வருடிப் பதிந்து எவரும் எங்கிருந்தும் படிக்கத் தருகின்றது.

ஆயின், படம் பிடித்துவிட்டாற் போதும் என்பது பிழை. பழைய நூலொன்றின் முகப்பில் 'பிரபவ வருடம்' என்று மாத்திரம் இருக்கும். பிரபவ 1867இலும் பிறந்தது, 1927இலும் பிறந்தது, 1987இலும் பிறந்தது. எந்தப் பிரபவ? அச்சகத்தின் பெயர், விலை குறித்த முறை, முகவுரையில் நன்றி கூறப்பட்டோர் ஆகியவற்றை ஒப்புநோக்கி நூலகரே துணிதல் வேண்டும். பிழைபடத் துணியின் நூல் அறுபது ஆண்டு இடம்பெயர்ந்துவிடும்! ஆறுமுகநாவலர் பெயரும் ஒரு நூலில் ஊரோடும், மற்றொன்றில் அடைமொழியோடும், பிறிதொன்றில் பிரித்தும் சேர்த்தும் அச்சாகியிருக்கும். அனைத்தும் ஒருவரையே குறிப்பன என்று பிணைத்துவையாவிடின், தேடுவோன் பாதியையே காண்பான்.

கணினியிற் பிறந்தவற்றுக்கும் இடர் உண்டு. பாமினி எழுத்துருவில் அமைத்த கோப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே தோன்றும். ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே தமிழ்ச் சொல்லாற் தேட இயலும்.

இவையனைத்தினும் அரியது நிழற்படம். பழைய கல்லூரி மலர்களில் 'ஆசிரியர் குழாம்' என்று மாத்திரம் குறித்த படங்கள் பல. பெயர் கூறவல்லார் முதியோர். ஆதலின் நூலகர் இருக்கையை விட்டெழுந்து அவர்தம் வீட்டுத் திண்ணைக்குச் செல்லவேண்டியவராகின்றார். சென்ற ஆண்டு யாமும் அத்தகைய படமொன்றுடன் சில வீடுகளுக்குச் சென்றோம். பன்னிருவருள் ஒன்பதின்மர் பெயர் கிடைத்தது. எஞ்சிய மூவரை அறிந்திருந்த பெரியவர், யாம் செல்வதற்கு இரு திங்கள் முன்னரே காலமாகிவிட்டார்.