தரம் ஏழில் இருந்தும் வாசிக்கத் தடுமாறும் பிள்ளை

திகன பிரதேசத்திலும் அதனைச் சூழ்ந்த குடியேற்றங்களிலும் தரம் ஆறு, ஏழு, எட்டில் படிக்கும் பிள்ளைகள் சிலர் இன்னும் எழுத்துக்கூட்டியே வாசிக்கின்றனர். வீட்டில் இது பெரும்பாலும் தெரிவதில்லை. பிள்ளை ஆண்டுதோறும் வகுப்பேற்றப்படுகிறது; கொப்பிகளும் நிறைந்திருக்கின்றன. ஆனால் கரும்பலகையைப் பார்த்துப் பிரதிபண்ணுவது வேறு, வாசிப்பது வேறு.

தரம் ஐந்து வரை பெரும்பாலும் ஒரே ஆசிரியரிடம் இருந்த பிள்ளை, தரம் ஆறில் பாடத்துக்கு ஓர் ஆசிரியரைச் சந்திக்கிறது. வரலாறு, புவியியல், விஞ்ஞானம் என ஒவ்வொன்றுக்கும் தனி நூல். எவரும் அங்கே வாசிக்கக் கற்றுக் கொடுப்பதில்லை. வாசிப்பு வரும் என்றே எல்லோரும் எண்ணிக்கொள்கின்றனர். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் நீண்ட காலம் மூடிக் கிடந்தன. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டினால் மீண்டும் தடைப்பட்டன. அன்று முதலாம், இரண்டாம் தரங்களில் இருந்தவர்களே இன்று இந்த வகுப்புகளில் இருக்கின்றனர். இதனுடன் வீடு மாறிப் பாடசாலையும் மாறிய பிள்ளையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

தமிழில் 247 எழுத்துக்கள் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் தடுமாற்றம் எழுத்தின் தொகையில் மட்டும் இல்லை. ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது, ஒலியோ பின்னே வருகிறது. ‘க’ என்ற ஓர் எழுத்தே ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ என்னும் மூன்று சொற்களிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. இவற்றைத் தாண்டினாலும் நீண்ட சொற்கள் காத்திருக்கின்றன. ‘குடியமர்த்தப்பட்டவர்களுக்கு’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டும் பிள்ளை, முடிவை எட்டும்போது தொடக்கத்தை மறந்துவிடுகிறது. அதனைக் ‘குடி – அமர்த்த – பட்டவர் – களுக்கு’ எனக் கூறாகப் பிரித்துக் காட்டினால் வாய் தானே பழகிக்கொள்ளும். இன்னொன்று, வீட்டில் ‘போறாங்க’ என்று பேசும் பிள்ளைக்கு நூலில் வரும் ‘செல்கின்றனர்’ ஏறத்தாழப் புதிய மொழி. இதனை மந்தபுத்தி என்று சொல்வது அநியாயம்.

முதலில் கண்பார்வையைப் பாருங்கள். பின்வாங்கில் இருந்து கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு எத்தனை வகுப்பு வைத்தும் பயனில்லை. பாடசாலை வைத்தியப் பரிசோதனை நடக்கும் நாளில் பிள்ளையை மறக்காமல் அனுப்ப வேண்டும்.

அடுத்து, பிள்ளைக்கு ஏற்ற நூல் எது என அறிய வேண்டும். நூறு சொற்கள் கொண்ட ஒரு பகுதியை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பத்துக்கு மேல் பிழை வந்தால் அந்நூல் பயிற்சிக்குக் கடினமானது. ஒரு தரம் கீழே இறங்குங்கள். தரம் நான்கு நூலில் தொடங்க நேர்ந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஊரார் முன் அந்த நூலைக் கையில் கொடுத்து அவமானப்படுத்தாதீர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை வெட்கத்துக்குப் பயந்தே வாசிப்பை விடுகிறது, பின் பாடசாலையையும் விடுகிறது. தம்பிக்கோ தங்கைக்கோ கதை வாசித்துக் காட்டும்படி சொன்னால், சிறிய நூலை வாசிக்க ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிடும்.

ஓட்டமாக வாசிக்க ஒரு பழைய வழி உண்டு. ஒரே பகுதியை மூன்று நான்கு நாள் திரும்பத் திரும்ப வாசிப்பது. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே சாமுவேல்ஸ் 1979 இல் இதனைப் பற்றி எழுதினார். முதலில் பெரியவர் ஒருவர் நிறுத்தம் பார்த்து வாசித்துக் காட்ட வேண்டும். பின் இருவரும் சேர்ந்து. பின் பிள்ளை தனியே. நாளுக்கு இருபது நிமிடம் போதும். பிழை வந்தவுடனே பாயாதீர்கள். வசனம் முடியும்வரை பொறுத்திருந்தால் பல பிழைகளைப் பிள்ளையே திருத்திக்கொள்ளும்.

ஆனால் ஓட்டம் மட்டும் போதாது. கடகடவென வாசித்துவிட்டு ஒன்றும் விளங்காமல் நிற்கும் பிள்ளைகளும் உள்ளனர். பின்வரும் பகுதியை எமது மாலை வகுப்புக்காக எழுதினோம்:

“மகாவலி கங்கைக்குக் குறுக்கே விக்டோரியா அணை கட்டப்பட்டது. அதன் உயரம் 122 மீற்றர். 1985 ஏப்ரலில் அது திறந்து வைக்கப்பட்டது. நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளியே தெரிகின்றன.”

‘அணை எந்த ஆற்றுக்குக் குறுக்கே கட்டப்பட்டது?’ என்று கேட்டால், ஒன்றும் விளங்காத பிள்ளையும் முதல் வசனத்தைப் பார்த்து எழுதிவிடும். ‘பழைய நகரத்தின் எச்சங்களை ஏன் எந்நாளும் காண முடிவதில்லை?’ என்று கேளுங்கள். இதற்கு இரண்டு வசனங்களைச் சேர்த்து நினைக்க வேண்டும். கேள்வியைப் பிள்ளையே கேட்கப் பழகினால் இன்னும் நல்லது. 1984 இல் பலின்சார், பிரவுன் என்ற இரு அமெரிக்கப் பெண் ஆய்வாளர்கள், வாசிக்க வந்தும் விளங்காத தரம் ஏழு மாணவரிடமே இதனைச் செய்து பார்த்தனர். பிள்ளைகள் முறைக்கு முறை ஆசிரியராகி, பகுதியைச் சுருக்கிச் சொல்லி, கேள்வி கேட்டு, விளங்காத சொல்லைத் தெளிவாக்கி, அடுத்து என்ன வரும் என ஊகித்தனர். அவர்களது கிரகித்தல் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. நான்கு பிள்ளைகள் ஒரு பாயில் இருந்தால் இங்கும் இது முடியும்.

எழுத்தறியாத தாய்தந்தையரும் இதில் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. ‘என்ன வாசித்தாய், உன் வாயால் சொல்லு பார்ப்போம்’ என்று கேட்கப் படிப்பு எதற்கு? மேற்சொன்ன பகுதியை வாசித்த பிள்ளைக்குத் தாத்தா, தங்கள் வயல் எந்த இடத்தில் இருந்தது, எதை மூட்டை கட்டினார்கள், எதை விட்டு வந்தார்கள் எனச் சொல்லலாம். பிள்ளை அதனை ஐந்தாறு வசனமாக எழுதினால் அதுவே மறுநாள் வாசிப்புப் பாடம். அந்தச் சொற்கள் காதில் ஏற்கெனவே விழுந்தவை என்பதால் வாசிப்பு இலகுவாக ஓடும்.

அதன் பின் வீட்டுக்கு வரும் கடதாசிகளை எடுங்கள். பூச்சிமருந்துப் போத்தலின் தாள், கூட்டுறவுக் கடைத் துண்டு, காணி அனுமதிப்பத்திரம். சிங்களத்தில் மட்டும் வருவதை ஒதுக்கி, தமிழில் உள்ளதைப் பாருங்கள். அனுமதிப்பத்திரத்தில் யாருடைய பெயர் இருக்கிறது, பின்னுரித்தாளர் யார், எந்த நிபந்தனையை மீறினால் காணி போகும் என்று பிள்ளை வாசித்துச் சொல்லட்டும். சொன்னது சரியா என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.