ஃபேன் அலறினால் உங்களைக் கூப்பிடட்டும்

லினக்ஸ் தெரியும், கிளவுட் சர்டிஃபிகேட் இருக்கிறது. இந்த இரண்டும் இல்லாத ரெஸ்யூமே இன்று கிடையாது. ஆகவே அதை நம்பி முன்வரிசைக்கு வர முடியாது. சென்னையில் சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் டேட்டா சென்டர்கள் இயங்குகின்றன. அங்கே வேலை தேடுகிறீர்களா, அல்லது ஏற்கெனவே எல்-1 ஷிஃப்டில் டிக்கெட் மூடிக்கொண்டிருக்கிறீர்களா? உங்கள் பக்கத்து சீட்டுக்காரர் தொடாத ஒரு வித்தையைப் பிடியுங்கள். சர்வரின் ஹார்டுவேர் சென்சார் பதிவுகளை கமாண்ட் லைனிலிருந்தே படிப்பதும் மாற்றுவதும்தான் அது.

சிபியு சும்மா இருக்கிறது, ஃபேன்கள் மட்டும் முழு வேகத்தில் கத்துகின்றன. டீமில் எல்லோரும் ரீபூட் செய்து பார்ப்பார்கள். ஏன் கத்துகிறது என்று சொல்லத் தெரிந்த ஒருவர் பெயர்தான் மேனேஜர் மனதில் நிற்கும்.

1. முதலில் மூன்று பெயர்களைப் பிரித்துப் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். சர்வர் மதர்போர்டில் பிஎம்சி என்று தனியாக ஒரு சின்ன கம்ப்யூட்டர் உண்டு. சர்வர் ஆஃப் ஆகியிருந்தாலும் பவர் கேபிள் செருகியிருக்கும்வரை அது விழித்திருக்கும். அதனிடம் மூன்று விதமான பதிவுகள் இருக்கின்றன. எஸ்டிஆர் என்பது ஒவ்வொரு சென்சாரின் ஜாதகம்: பெயர், அலகு, எந்த எல்லையில் அலாரம் எழுப்ப வேண்டும் என்பது வரை அதில் இருக்கும். எஃப்ஆர்யு என்பது பாகங்களின் சீரியல் நம்பர், பார்ட் நம்பர். எஸ்ஈஎல் என்பது நடந்தவற்றின் லாக். இவற்றுக்கெல்லாம் பொதுவிதி ஐபிஎம்ஐ. இன்டெல், டெல், ஹெச்பி, என்ஈசி நான்கும் சேர்ந்து 1998இல் கொண்டுவந்தது, 2004இல் 2.0 ஆனது. இன்டர்வியூவில் இதை இரண்டு நிமிடத்தில் திக்காமல் சொல்லிப் பழகுங்கள்.

2. கம்பெனி சர்வரில் பழகாதீர்கள். லேப்டாப்பில் கியூஎம்யூ போட்டால் அதிலேயே பிஎம்சி சிமுலேட்டர் இருக்கிறது. காசு செலவில்லை. ஃபேன் சத்தம் அதில் கேட்காது, ஆனால் கமாண்டுகள் கைக்கு வந்துவிடும்.

3. ஆரம்பத்தில் படிக்க மட்டும் செய்யுங்கள். ‘ஐபிஎம்ஐடூல் எஸ்டிஆர் லிஸ்ட்’ என்று அடித்தால் சென்சார், ரீடிங், நிலை என்று மூன்று பத்தி வரும். நிலையில் ‘ஓகே’ என்றால் நல்லது. ‘என்சி’ எச்சரிக்கை, ‘சிஆர்’ ஆபத்து. ‘என்எஸ்’ என்பதில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ரீடிங் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். இரண்டாவது சிபியு சாக்கெட் காலியாக இருந்தாலே அப்படி வரும். அதற்கு ஒரு ஹை பிரையாரிட்டி டிக்கெட் போட்டீர்களானால் உங்கள் இமேஜ் அன்றோடு காலி. இன்னொன்று: எஸ்ஈஎல்லை சேமிக்காமல் ஒருபோதும் கிளியர் செய்யாதீர்கள். பாகத்தை வாரண்டியில் மாற்றித் தர வெண்டர் முதலில் கேட்பது அந்த லாக்கைத்தான்.

4. இனி மாற்றும் வேலை. சம்பளம் ஏறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு சென்சாருக்கு ஆறு த்ரெஷோல்டுகள் வரை இருக்கலாம், கீழே மூன்று, மேலே மூன்று. ‘ஐபிஎம்ஐடூல் சென்சார் த்ரெஷ்’ கமாண்டில் சென்சார் பெயரைக் கொடுத்து, ‘லோயர்’ என்றோ ‘அப்பர்’ என்றோ சொல்லி, மூன்று எண்களைத் தர வேண்டும். இரண்டிலும் எண்கள் சிறியதிலிருந்து பெரியதாகப் போகும். வரிசையை மாற்றிப் போட்டால் எச்சரிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஆபத்து உட்கார்ந்துகொள்ளும்.

எங்கே இது தேவைப்படும்? சத்தம் குறைந்த ஃபேனை யாரோ மாட்டியிருப்பார்கள். அது சாதாரணமாகவே நிமிடத்துக்கு 400, 500 சுற்றுதான் சுற்றும். போர்டின் கீழ் எல்லை அதைவிட அதிகம். ஃபேன் செத்துவிட்டது என்று பிஎம்சி முடிவு கட்டி எல்லா ஃபேன்களையும் முழு வேகத்தில் விரட்டும். வேகம் ஏறியதும் அலாரம் அடங்கும், ஃபேன் மெதுவாகும், மறுபடி அலாரம். கீழ் எல்லைகளை அந்த ஃபேனின் குறைந்தபட்ச வேகத்துக்கும் கீழே இறக்கினால் இந்தக் கூத்து நிற்கும்.

இங்கே இரண்டு நுணுக்கங்கள். பெரும்பாலோர் சொல்ல மாட்டார்கள், பலருக்குத் தெரியவும் தெரியாது. முதலாவது: இந்த சென்சார்களின் ரீடிங் ஒரே ஒரு பைட். மொத்தம் 256 மதிப்புகள்தான், அதை ஒரு சூத்திரத்தில் போட்டுக் கணக்கிட்டுத்தான் வேகமாகவோ வெப்பமாகவோ காட்டுகிறது. நீங்கள் 320 என்று கொடுத்தால் அருகிலிருக்கும் படிக்கு நகர்ந்து உட்காரும். ஆகவே மாற்றியபின் ‘சென்சார் கெட்’ அடித்து என்ன பதிந்தது என்று பாருங்கள். இரண்டாவது: பல போர்டுகளில் இந்த மாற்றம் நிரந்தரமல்ல. பிஎம்சி ரீசெட் ஆனதும் எஸ்டிஆரில் உள்ள பழைய எல்லைகளை அதுவே திரும்ப ஏற்றிக்கொள்ளும். ஒன்று, பூட் ஆகும்போதெல்லாம் ஓடும்படி ஒரு ஸ்கிரிப்ட் வையுங்கள். அல்லது எஸ்டிஆரையே மாற்றுங்கள். இதை வாய்திறந்து சொன்னால், கையை வைத்துப் பார்த்தவர் என்று இன்டர்வியூ எடுப்பவருக்குப் புரிந்துவிடும்.

சர்வர் நூறைத் தாண்டினால் ஐபிஎம்ஐடூலில் ஒவ்வொன்றாக அடிப்பது வேலைக்காகாது. ஃப்ரீஐபிஎம்ஐ பேக்கேஜில் ‘ஐபிஎம்ஐ சென்சார்ஸ் கான்ஃபிக்’ இருக்கிறது. செக்அவுட் செய்தால் எல்லா எல்லைகளும் டெக்ஸ்ட் ஃபைலாக வரும். திருத்துங்கள், டிஃப் பாருங்கள், கமிட் செய்யுங்கள். ஃபைலை கிட்டில் வைத்துவிட்டால் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற கேள்விக்கு பதில் தயார். என் ஓட்டு இதற்குத்தான்.

5. எஸ்டிஆரையே மாற்ற போர்டு தயாரித்த கம்பெனியின் யுட்டிலிட்டி வேண்டும். இன்டெல் சர்வர் போர்டுகளுக்கு எஃப்ஆர்யு-எஸ்டிஆர் என்ற கருவி உண்டு. யுஈஎஃப்ஐ ஷெல்லில், பென் டிரைவிலிருந்து ஓடும். எந்த சேஸிஸ் என்பதற்கேற்ப சரியான பதிவுகளை ஏற்றும். மதர்போர்டு மாற்றிய பிறகு இதை ஓட்ட மறப்பவர்கள்தான் அதிகம். சேஸிஸ் தெரியாத பிஎம்சி பாதுகாப்புக்காக ஃபேன்களை வேகமாக ஓட விடும். அப்போது ஃபேனையே மாற்றிப் பார்க்கிறார்கள்! கருவி அசெட் டேக் கேட்டால் என்டர் தட்டித் தாண்டாதீர்கள், நிரப்புங்கள். ஆடிட் வரும் வாரத்தில் ‘எஃப்ஆர்யு பிரிண்ட்’ அடித்து இன்வென்ட்ரி எடுத்துக் கொடுப்பவர் நீங்களாக இருப்பீர்கள். இன்டெல்லின் சர்வர் சிஸ்டம் பிசினஸ் 2023இல் மைடாக் கைக்குப் போனது. பழைய போர்டுக்கு ஃபைல் தேடும்போது நினைவிருக்கட்டும்.

6. வம்பில் மாட்டாதீர்கள். பாஸ்வேர்டை கமாண்டிலேயே அடித்தால் ஹிஸ்டரியில் நிற்கும், புராசஸ் லிஸ்டிலும் யார் கண்ணிலாவது படக்கூடும். என்விரான்மென்ட் வேரியபிளிலோ தனி ஃபைலிலோ வையுங்கள். ஐபிஎம்ஐ 2.0இன் லாகின் முறையிலேயே ஓட்டை இருக்கிறது. யூசர்நேம் தெரிந்தவருக்கு பாஸ்வேர்டின் ஹேஷை பிஎம்சியே தந்துவிடும். பேட்ச் போட்டுத் தீர்கிற விஷயமல்ல, ஆகவே யுடிபி 623 போர்ட் தனி விலானை விட்டு வெளியே தெரியக் கூடாது. அடுத்தது ஆபீஸ் அரசியல். அலெர்ட் தொல்லையாக இருக்கிறது, வெப்பத்தின் மேல் எல்லையை ஏற்றிவிடு என்று யாராவது வாயால் சொல்வார்கள். மெயிலில் கேளுங்கள். சேஞ்ச் ரிக்வெஸ்ட் இல்லாமல் கை வைக்காதீர்கள். போர்டு கருகினால் சொன்னவர் பெயர் லாக்கில் இருக்காது, உங்கள் லாகின் இருக்கும்.

7. செய்த வேலையைக் காட்டுங்கள். புரோமிதியஸுக்கான ஐபிஎம்ஐ எக்ஸ்போர்ட்டர், அடியில் ஃப்ரீஐபிஎம்ஐயைத்தான் பயன்படுத்துகிறது. அதை கிராஃபானாவில் ஏற்றி ரேக் வாரியாக வெப்பத்தைக் காட்டினால், மேனேஜர் தன் மீட்டிங்கில் அதையே திறப்பார். ஓரத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும். ரெஸ்யூமேயில் ‘ஐபிஎம்ஐ நன்கு தெரியும்’ என்று எழுதாதீர்கள். எத்தனை சர்வருக்கு எல்லைகளை ஒரே மாதிரி அமைத்தீர்கள், எந்தக் கருவியில், பொய் அலெர்ட் எவ்வளவு குறைந்தது என்று எழுதுங்கள்.

8. இதிலேயே நின்றுவிட வேண்டாம். 2015இல் டிஎம்டிஎஃப் வெளியிட்ட ரெட்ஃபிஷ்தான் அடுத்தது. எச்டிடிபிஎஸ் வழியாக ஜேசன் வரும், கர்ல் தெரிந்தால் போதும். சென்சார், எல்லை, லாக் எல்லாம் அதே சங்கதிதான், வாசல்தான் வேறு. பழைய சர்வர்கள் ரேக்கில் இருக்கும்வரை இரண்டும் தெரிந்தவருக்கே கிராக்கி.

அடுத்த இன்டர்வியூவின் கடைசியில் ‘எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள். சம்பளத்தை எச்ஆரிடம் பேசிக்கொள்ளலாம். டெக்னிக்கல் ஆளிடம் இதைக் கேளுங்கள்: ‘உங்கள் சென்சார் த்ரெஷோல்டுகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள், எங்கே பதிவு செய்து வைத்திருக்கிறீர்கள்?’ பெரும்பாலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.