திண்ணையும் வளவும்: இணையதள வருகையாளரின் அந்தரங்கம்

செட்டிநாட்டு இல்லங்கள் திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என உள்நோக்கி நீள்வன. வழிப்போக்கர் திண்ணையில் இளைப்பாறலாம், வணிகம் பேச வந்தவர் முகப்பில் அமர்வார், வளவு உறவினர்க்குரியது. யார் எதுவரை வரலாம் என்பதைச் சுவர்களே உணர்த்திவிடும். இணையதளத்திலோ நிலை தலைகீழாகிறது. அங்கே விருந்தினர் வீட்டினுள் நுழைவதினும், வீடு விருந்தினரின் அந்தரங்கத்தினுள் நுழைவதே மிகுதி.

இதற்குக் கருவியாவது 'குக்கீ' எனும் சிறு குறிப்பு. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மொன்டுல்லி இதனை உருவாக்கினார். தளம் அனுப்பும் குறிப்பை உலாவி சேமித்து வைத்து, மறுமுறை செல்கையில் திருப்பிக் காட்டும். வாங்குவோர் தேர்ந்த பொருள்களைத் தளம் மறவாதிருக்க இது உதவிற்று. ஆத்தங்குடியில் தரைக்கல் விற்பவர், சென்ற முறை வந்தவர் விரும்பிய வண்ணத்தை நினைவில் வைத்திருப்பது போன்றது இது, குற்றமன்று. ஆனால் ஒரே விளம்பர நிறுவனம் பல தளங்களிலும் தன் குறிப்பைப் பதிக்குமாயின், கல் வாங்கியவர் பின்னர் எந்த மருத்துவரை நாடினார், எவரிடம் கடன் கேட்டார் என்பனவும் கோவையாகிவிடும். கடைக்காரர் தெருத்தெருவாகப் பின்தொடர்ந்தால் நாம் பொறுப்போமா?

அதே 1994இல்தான் ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கில், தனித்து விடப்படும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கியது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (பொது ஆவணங்களில் உள்ள செய்திகளை வெளியிடத் தடையில்லை என்றும் அத்தீர்ப்பு கூறியது.) 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாக உறுதிசெய்தது.

வள்ளுவர் ஒற்றாடலை அரசனுக்குரிய கடமைகளுள் வைத்தார். இல்லறத்தாருக்கோ வணிகருக்கோ அதனை விதித்தாரல்லர். அதற்கு முந்திய அதிகாரம் கண்ணோட்டம் என்பதும் கருதத்தக்கது. பிறரை நோக்கும் கண்ணுக்கு முதலில் இரக்கம் வேண்டும் என அவ்வைப்பு முறைக்குப் பொருள் கொள்ள இடமுண்டு.

2023இல் நிறைவேறிய எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதோரைக் குழந்தைகளாகவே கொள்கிறது. சில விதிவிலக்குகள் நீங்கலாக, அவர்களைப் பின்தொடர்வதை விலக்குகிறது. கல்லூரியில் முதலாண்டு சேர்வோருள் 17 வயதினர் உளர். எனவே இது நம் வாயிற்படிக்கே வந்துவிட்ட பொருள். கல்லூரித் தளத்திற்கு எத்தனை பேர் வந்தனர், எப்பக்கத்தைப் படித்தனர் எனப் பெயரறியாமல் எண்ணுவது போதும். தேர்வு முடிவு பார்க்க வந்த மாணவி மனநல ஆலோசனைப் பக்கத்தையும் திறந்தாள் என்று அறிவது எவர் வேலையுமன்று. இசைவு தருவது எத்துணை எளிதோ, அதனைத் திரும்பப் பெறுவதும் அத்துணை எளிதாதல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கருத்து. இன்று பல தளங்களில் 'ஏற்கிறேன்' என்பது கண்முன் பெரிதாக நிற்கிறது. மறுக்கும் வழியோ பல பக்கங்களுக்கு அப்பால் ஒளிந்திருக்கிறது.