கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டும் பசை

பள்ளித் தோட்டத்தில் நீர்த்தாவரங்களுக்குக் கண்ணாடித் தொட்டி அமைப்போர், பசை நிறமற்றதாய் இருந்தாற் போதும் என்று எண்ணலாகாது. கண்ணாடியின் மேற்பரப்பு நீரை ஈர்க்கும் இயல்புடையது. இணைப்பின் ஓரத்தில் தங்கும் ஈரம் மெல்ல உட்புகுந்து பசையைக் கண்ணாடியினின்றும் விலக்கிவிடும். ஆகவே, முதல் வாரம் உறுதியாய்த் தோன்றிய இணைப்பு ஒரு மழைக்காலத்திற்குப் பின் பிரிந்து மாணவர்க்குக் காயம் விளைவிக்கக் கூடும்.

சயனோஅக்ரிலேட் என்னும் உடனடிப் பசை நொடிகளில் ஒட்டும். எனினும், கண்ணாடியில் ஈரத்திற்கு நெடுநாள் ஈடுகொடாது. எப்பாக்சிப் பிசின் வலிமை மிக்கது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர்களால் மஞ்சளிக்கும். சிலிக்கோன் பசையின் மூலக்கூறுகளில், கண்ணாடியில் உள்ளது போன்றே, சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறிப் பிணைந்துள்ளன. ஆதலின் அது கண்ணாடியை இறுகப் பற்றுகிறது. வெயிலையும் மழையையும் தாங்குகிறது. ரப்பர்போல் நெகிழ்ந்து, வெப்பத்தால் நேரும் விரிவுக்கும் இடந்தருகிறது.

ஒட்டுமுன் கண்ணாடியின் எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட்டினால் துடைத்து, நன்கு உலர்த்துக. சிலிக்கோன் காற்றிலுள்ள ஈரத்தால் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டரே இறுகும். எனவே, பல நாட்கள் பொறுத்த பின்னரே நீர் நிரப்புக. பூஞ்சைக்கொல்லி சேர்ந்த வகை மீன் வாழும் தொட்டிக்கு ஆகாது.

ஐயமெழுந்தால், இரு கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, இறுகியபின் சில வாரம் நீரில் இட்டு ஆராய்க.