துபாய்க்கு எதில் பேசுவது?

கம்பத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜுக்கு வரும் அம்மாக்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: "தம்பி, மகனுக்கு வாட்ஸ்அப்ல அடிச்சா ரிங் போகுது, எடுத்ததும் கனெக்டிங்லயே நிக்குது. போன் ரிப்பேரா?"

மகன் எந்த ஊரில் என்று கேட்பேன். துபாய் என்றால் போனில் கோளாறு இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், பேசத்தான் தடை. போட்டிம் போல அங்கே அனுமதி பெற்ற ஆப்களில்தான் பேச முடியும். விபிஎன் போட்டுப் பேசச் சொல்லாதீர்கள், பிள்ளை வழக்கில் மாட்டக்கூடும். நமக்கு இரவு ஒன்பது மணி என்றால் அங்கே ஏழரை. டூட்டி முடிந்திருக்குமா என்று பார்த்து அடியுங்கள். சிங்கப்பூர், மலேசியாவுக்கு வாட்ஸ்அப்பே போதும்.

2016 செப்டம்பரில் ஜியோ வரும்வரை எல்லாரும் நிமிடக் கணக்குப் பார்த்துத்தான் பேசினார்கள். இப்போது உள்நாட்டுப் பேச்செல்லாம் பேக்கிலேயே அடங்கிவிடுகிறது. அப்படியும் சின்னமனூரில் இருக்கும் மகளை வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறார்கள், பேரன் முகத்தைப் பார்க்க. எந்த ஆப் என்பதைச் சொந்தபந்தம்தான் முடிவு செய்கிறது. தரமான ஆப் என்று நான் சொல்லி யாரும் மாறியதில்லை. 2025 மே மாதம் ஸ்கைப் மூடப்பட்டதை இங்கே ஒருவர்கூட விசாரிக்கவில்லை.

விடியற்காலை ஜீப்பேறி கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களின் சங்கடம் வேறு. மலையில் சிக்னல் வரும், போகும். அங்கே வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசுங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதிக்குப் போய், அழைப்புக்குக் குறைந்த டேட்டா என்பதைத் தட்டிவிட்டால் ஓரளவு தாங்கும். வீட்டுக்குள் டவர் எடுக்கவில்லை, ஆனால் ஃபைபர் இணைப்பு இருக்கிறது என்றால், போனிலேயே உள்ள வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள். சாதாரண நம்பரிலேயே பேசலாம்; எதிர்முனையில் நெட் தேவையில்லை. இத்தனை வசதியானதை ஏனோ பலர் தொட்டுப் பார்ப்பதே இல்லை.

ரீசார்ஜ் முடிந்தாலும் பக்கத்து வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் ஓடுகிறதே என்று சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆத்திர அவசரத்துக்கு வாட்ஸ்அப்பில் 112-ஐ அழைக்க முடியாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு நம்பராவது உயிரோடு இருக்கட்டும்.

தெரியாத நம்பரிலிருந்து போலீஸ் உடையில் வீடியோ கால் வந்து, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டினால் உடனே துண்டியுங்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அடியுங்கள். வாட்ஸ்அப்பில் அல்ல, சாதாரணக் காலில்.